காயைப் பார்க்கும் கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தால்

போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு வரும் ஏலக்காய்க்கு யாரும் தோட்டத்தின் பெயரைக் கேட்டு விலை சொல்வதில்லை. வியாபாரி சாம்பிளை உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறார். பச்சை, காயின் பச்சைதானா அல்லது ஏற்றிய சாயமா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். ஒரு காயைப் பிளந்து, ஏலரிசி கறுத்து விளைந்திருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, வாயிலும் போட்டுக்கொள்கிறார். ஏழு மில்லியா எட்டு மில்லியா, லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் விலை பேச்சு.

இத்தனை நுட்பமான கண் உள்ள அதே தேனி மாவட்டத்தில், கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் மணிக்கட்டில் தங்க நிற டைவர் வாட்ச் மின்னினால், சுற்றி நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: “அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கே, எவ்வளவு?” போலிக் கடிகாரச் சந்தை முழுவதும் இந்த ‘மாதிரி’ என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, சூப்பர் குளோன் என்று அதற்குள்ளேயே படிநிலைகள் வைத்து, எது அசலுக்கு எத்தனை அருகில் வருகிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். இந்த மதிப்பீடு காயின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

முதலில் அசல் எது என்று பார்க்கலாம். அதிகம் நகலெடுக்கப்படுவது ரோலக்ஸ் நிறுவனத்தின் சப்மரைனர். நீருக்குள் இறங்குபவர்களுக்காக 1953-ல் உருவானது. முகப்பைச் சுற்றி அறுபது நிமிடம் குறித்த வளையம் ஒன்று உண்டு. எத்தனை நேரம் மூழ்கியிருக்கிறோம் என்பதை அதைத் திருப்பி வைத்துக் கணக்கிடலாம். தெரியாமல் கை பட்டாலும் நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாதபடி, இன்றைய வளையம் ஒரே திசையில் மட்டும் சுழலும். தொழில் கருவியாக இருந்த இது 1969-ல் 18 காரட் தங்கத்திலும் வந்தது. இன்றைய மஞ்சள் தங்க சப்மரைனரின் விலை நம் நாட்டில் முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். 2022-ல் ‘விக்ரம்’ படம் வெளியான பிறகு ரோலக்ஸ் என்ற பெயர் தெரியாத பிள்ளைகள் தமிழ்நாட்டில் இல்லை. அதில் ரோலக்ஸ் என்ற பாத்திரத்தில் நடித்த சூர்யாவுக்குக் கமல்ஹாசன் ஒரு ரோலக்ஸையே பரிசளித்ததும் செய்தியானது. பெயர் பரவிய வேகத்தில் போலியும் பரவியது.

ஒரு காலத்தில் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். விநாடி முள் டிக் டிக்கென்று நின்று நின்று போனால் உள்ளே பேட்டரி மிஷின் என்று அர்த்தம். தேதிக்கு மேலுள்ள சின்ன லென்ஸ் எழுத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கவில்லையென்றால் சந்தேகப்படலாம். பின்மூடி கண்ணாடியாக இருந்தால் அங்கேயே முடிந்தது கதை. சப்மரைனருக்குக் கண்ணாடி முதுகு கிடையாது. இன்று இந்தச் சோதனைகளில் முக்கால்வாசி செல்லாது. நல்ல நகலுக்குள் இருக்கும் மிஷினும் அசலைப் போலவே மணிக்கு 28,800 முறை, அதாவது விநாடிக்கு எட்டு முறை துடிக்கிறது. முள் வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணாடியில் ஆறு மணிக்கு அருகே லேசரில் பொறித்த நுண்ணிய கிரீடம்கூட நகலிலும் இருக்கிறது.

எடை? தங்கம் இருக்கும் இடத்தில் எடை பொய் சொல்லாது என்றுதான் நாம் பரம்பரையாக நம்பி வந்திருக்கிறோம். 18 காரட் தங்கம் அதே அளவு எஃகைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். ஆனால் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் சுத்தத் தங்கத்தின் அடர்த்தியும் ஒன்றுதான், கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். எஃகுச் செயினின் கண்ணிகளுக்குள் டங்ஸ்டன் துண்டுகளைச் செருகி எடையைச் சரிசெய்து விற்கிறார்கள். கையில் வாங்கியதும் “கனமா இருக்கு” என்று சொல்லவைப்பதற்காகவே செய்யும் வேலை அது.

ஆசாரியின் உரைகல் மாற்றுச் சொல்லும். ஆனால் மேலே பூசியிருப்பதும் தங்கம்தானே! லேசாக உரைத்தால் கல்லில் தங்கக் கோடுதான் விழும். உண்மை தெரிய அரம் போட்டுக் கீற வேண்டும், கைக்கடிகாரத்தை அப்படிக் கீற யாரும் விடுவதில்லை. நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே காரட் மீட்டரும் மேல்தோலைத்தான் படிக்கிறது. பூச்சு தடிமனாக இருந்தால் அதுவும் தடுமாறும். அந்தப் பூச்சில் எவ்வளவு தங்கம் இருக்கும்? நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் பூசினால் 0.2 கிராம்கூட வராது. பவுன் கணக்கில் பேசிப் பழகிய ஊரில் இது இரண்டு குன்றிமணி எடைக்கு மேல் வராத தங்கம். ஒரு வருடம் வெயிலில் வியர்வை பட்டால் செயின் வளையும் இடங்களில் முதலில் வெளுக்கும். அடியில் நிக்கல் இருந்தால் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் புண்ணும் வரும்.

டைவர் வாட்ச் என்று பெயர் வைத்த பிறகு தண்ணீரில் சோதித்தாக வேண்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி, சுமார் 22 மீட்டர். சப்மரைனர் உறுதி தருவது 300 மீட்டருக்கு. லோயர்கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் உயரத்திலிருந்து அழுத்தும்போது என்ன பலம் கொள்ளும் என்பது. 300 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 30 கிலோ பாரம். மூன்று சென்டிமீட்டர் அகலக் கடிகாரக் கண்ணாடியின் மேல் இரண்டு குவிண்டாலுக்கு மேல். டைவர் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 6425, குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்தும் சோதிக்கச் சொல்கிறது. நகலில் ‘300 மீ’ என்பது டயலில் அச்சடித்த மை மட்டுமே. அதை யாரும் சோதித்ததில்லை. பொய்த்தால் பதில் சொல்லவும் யாரும் இல்லை. சுருளி அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்ததும் கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தால், திருப்பிக் கொடுக்க முகவரி கிடையாது.

கோடிகளில் புரளும் சுவிஸ் கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம், ஆசைப்பட்ட ஏழை ஒருவர் போட்டுக்கொண்டு போகட்டுமே என்பார்கள். ஆசை குற்றமில்லை. நகல் கை மாறும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. முதலில் வாங்கியவருக்கு அது காப்பி என்று தெரியும். அவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கும், அடகு பிடிப்பவருக்கும் தெரியாது. நாடு விட்டு நாடு போகும் போலிப் பொருட்களின் மதிப்பு 2021-ல் 46,700 கோடி டாலர், உலக இறக்குமதியில் 2.3 சதவீதம் என்று ஓ.இ.சி.டி. அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் யாரோ ஒருவர் ஏமாறுகிறார்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ விளைந்த திராட்சையை அந்தப் பெயரில் விற்றால் இங்கே உள்ள விவசாயிக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். குவாத்தமாலா ஏலக்காய் கள்ளத்தனமாக வந்து நம் காயோடு கலந்து விலையைக் குலைக்கிறது என்று ஏலத்தோட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகக் குமுறுகிறார்கள். வணிகச் சின்னச் சட்டமும் புவிசார் குறியீட்டுச் சட்டமும் 1999-ல் இயற்றப்பட்டு, ஒரே நாளில், 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தவை. போலியை விற்பவருக்கு இரண்டிலும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். திராட்சைக்கு நியாயம் கேட்டுவிட்டுக் கடிகாரத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இதைப் படித்துவிட்டுக் கவரிங் நகை போடுபவர்கள் மனம் நோக வேண்டாம். சிதம்பரம் கவரிங் தன்னைக் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறது. அது நேர்மையான தொழில். ரோலக்ஸ் என்ற பெயரைக் கவரிங் நகைகளுக்கு வைத்து விற்றதற்குத்தான் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. மின்னுவதில் தப்பில்லை, அடுத்தவர் பெயரைச் சொல்லி மின்னுவதுதான் தப்பு. தங்க நிறத்தில்தான் வேண்டுமென்றால், 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் இருக்கிறது. உண்மையிலேயே தண்ணீர் தாங்கும் டைவர் வாட்ச்தான் வேண்டுமென்றால் சீக்கோவும் சிட்டிசனும் 200 மீட்டர் தாங்குபவற்றைச் சில பத்தாயிரங்களில் தருகின்றன. பழைய எச்.எம்.டி.யைத் தேடுபவர்களும் எச்சரிக்கையாக இருக்கட்டும். 1961-ல் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் அந்தக் கம்பெனி ஒருநாளும் அச்சடிக்காத வண்ண டயல்களை ஒட்டி, ‘பழைய ஸ்டாக்’ என்று இன்றும் விற்கிறார்கள்.

அரசு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் வந்தது, 2023 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. தோட்டு ஜோடி வாங்கும் பெண்கூட இன்று பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டிச் சரிபார்க்கிறார். அந்த உத்தரவில் தங்கக் கைக்கடிகாரத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சுவிஸ் அரசின் தங்க முத்திரையான செயின்ட் பெர்னார்ட் நாயின் தலையும் 750 என்ற எண்ணும் அசலில் இருக்கும். நகலிலும் அதையே பொறித்து அனுப்புகிறார்கள், அவற்றை இங்கே சரிபார்க்க வழியில்லை. விலக்கை எடுத்துவிட்டால், தேனியில் ஒரு தங்கக் கடிகாரத்தை அடகுக்கோ விலைக்கோ நீட்டுபவரிடம் கடைக்காரர் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும்: “எண் எங்கே?”