விசைகளின் பெயர்க் குழப்பம்

கம்ப்யூட்டர் மென்பொருள்களுக்குத் தமிழில் விளக்க நூல்கள் தோன்றி வருவது நமக்கு மிக்க மகிழ்ச்சியளிக்கிறது. ஆயினும் அவற்றில் விசைகளுக்கு வழங்கும் பெயர்களை நோக்குங்கால், எழுதுவோர் வாசகனை மனத்திற் கொண்டார்களா என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

'மாற்று விசை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஷிப்டுக்கும் அது பொருந்தும். ஆல்ட்டுக்கும் அது பொருந்தும். இரண்டில் எதை அழுத்துவது? 1878-ல் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் நம்பர் டைப்ரைட்டரில் ஷிப்டை அழுத்தினால் காகித உருளை இடம்பெயர்ந்து பெரிய எழுத்து விழும். ஆகவே 'நகர்த்து' என்பதே மூலப் பொருள் என்று வாதிப்பாரும் உளர். வாதம் நன்றே. ஆனால் இன்று நகர்வது யாதொன்றுமில்லை. விசையின் தலையில் பொறித்திருப்பதோ ஆங்கில எழுத்து. புதிதாகப் பயிலும் சிறுவன் 'நகர்த்து' என்பதைப் பலகையில் எங்ஙனம் தேடுவான்?

தமிழ்ச் சொல் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. செய்கைகளைத் தமிழில் சொல்லுக: நகலெடு, ஒட்டு, சேமி என்பன எவருக்கும் விளங்கும். பொறித்த பெயரை மட்டும் பொறித்தபடியே சொல்லுக. தமிழ் பொறித்த பலகை பரவும் நாளில் பெயரும் தமிழாகட்டும். இதனால் நமது பாஷாபிமானத்துக்குக் குறைவு நேராது.

ஆங்கில நூல்களும் குற்றமற்றவையல்ல. ஈமாக்ஸ் என்னும் பழைய மென்பொருளின் நூல் இன்றும் 'மெட்டா' விசையை அழுத்தச் சொல்கிறது. சாதாரணப் பலகைகளில் அப்படியொரு விசையே கிடையாது, ஆல்ட்தான் அவ்வேலையைச் செய்கிறது!

நிற்க. பெயரினும் பெரிய தீங்கு கூட்டற்குறியால் விளைகிறது. 'கண்ட்ரோல் + சி' என்றால், முதல் விசையை அழுத்திப் பிடித்தபடியே இரண்டாவதைத் தட்டி, பின் இரண்டையும் விட வேண்டும் என்பது பொருள். இதைச் சொல்லாமல் விட்டால் ஒருவன் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவான். இன்னொருவன் கூட்டற்குறியையே தேடி அழுத்துவான். அந்த எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடுவதால் ஷிப்டும் வேண்டுமோ என்று மயங்குவாருமுண்டு. இது அற்ப விஷயமன்று. லினக்ஸ் முனையங்கள் பலவற்றில் ஷிப்டுடன் சேர்ந்தால் நகலெடுக்கும்; ஷிப்ட் இல்லாவிடில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே நிறுத்திவிடும். பல மணி நேர வேலை ஒரு நொடியில் பாழாகும். மாக் கம்ப்யூட்டரிலோ நகலெடுக்கக் கண்ட்ரோல் உதவாது; கமாண்ட் வேண்டும்.

விளக்க நூல் வெளியிடுவோர், இன்ன கம்ப்யூட்டருக்கு இன்ன விசை என்பதையும் கூட்டற்குறியின் பொருளையும் முதற் பக்கத்திலேயே அச்சிட்டு, நூல் முழுவதும் அதே பெயர்களை வழங்குவார்களாக. அச்சுக்குப் போகுமுன், கம்ப்யூட்டரை அறியாத ஒருவரிடம் நூலைக் கொடுத்து அதன்படி செய்யச் சொல்லிப் பார்ப்பதும் அவசியம்.