செடி மேல இரக்கப்படாதீங்க

மதுரை ஆனையூர்ல குடியிருக்கிற எங்க அண்ணன் மகள் போன வாரம் போன் போட்டுச்சு. "சித்தப்பா, என் கைக்குப் பூ ராசியே இல்ல. எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடப் போறேன்"னு சொன்னப்ப குரல் உடைஞ்சிருந்தது. போன வருசம் ஆடியில ஆரம்பிச்ச மாடித் தோட்டம் அது. மல்லி 4 தொட்டி, ஓசூர் ஒட்டு ரோஜா 6, செவ்வந்தி 3. இதுவரைக்கும் ஆறாயிரம் ரூபா ஆயிருச்சாம். மாமியார் வாசல்ல பூக்காரம்மாகிட்ட தினம் ஒரு முழம் வாங்கிக்கிட்டே, "எங்க வீட்டுல ஆறாயிரம் ரூபாய்க்கு இலை வளக்குறோம்"னு தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்றாங்களாம்.

ராசியாவது ஒண்ணாவது. மறுநாள் விடியக்காலை பூ மூட்டையை மாட்டுத்தாவணியில போட்டுட்டு நேரா அவ வீட்டு மாடிக்கு ஏறிட்டேன்.

போய்ப் பாத்தா, மல்லி ஒவ்வொண்ணும் என் நெஞ்சு உசரம் நிக்குது. கரும்பச்சை இலை, கொடி மாதிரி நீண்ட கிளை. பேருக்கு ஒரு மொட்டு கிடையாது. மேல பச்சை வலை கட்டியிருக்கு. வெயில் செடியைச் சுட்டுருமாம்! காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி. வாரம் தவறாம கடலைப்புண்ணாக்குக் கரைசல். அலமாரியில பூக்க வைக்கிற மருந்துன்னு அஞ்சாறு பாட்டில். "கத்தரிக்கோல் எங்கத்தா?"ன்னு கேட்டேன். "வெட்டவா? பாவம் சித்தப்பா, எவ்வளவு ஆசையா வளந்திருக்கு"ன்னுச்சு.

இந்தப் பாவம்தான் பட்டணத்துத் தோட்டத்தை எல்லாம் கெடுக்குது. படிக்கிற உங்க மேல கோவமா எழுதுறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல. செடியோட பேசுங்க, பாட்டுப் போடுங்க, மன அமைதி கிடைக்கும்னு உங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அமைதி வேணும்னா அழகர்கோயில் போங்க. பூ வேணும்னா அது விவசாயம். நாலு தொட்டின்னாலும் விவசாயம்தான்.

எனக்கு 40 சென்ட்ல மல்லி. நாலடிக்கு நாலடி இடைவெளி, ஏறக்குறைய 1,000 செடி. கார்த்திகை கடைசியில கவாத்து. அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணியை நிறுத்திச் செடியைக் காயப் போடுவோம். அப்புறம் தரையிலருந்து ஒன்றரை அடிக்கு மேல ஒண்ணும் விடாம அறுத்துத் தள்ளுவோம். மல்லி புதுசா விடுற தளிர்லதான் மொட்டு வைக்கும். பழைய குச்சி நீண்டுக்கிட்டே போனா இலைதான் மிச்சம். வெட்டுன பிறகு தொழு உரம் போட்டுத் தண்ணி விட்டா, மாசி பங்குனியில பூ எடுக்கலாம்.

எனக்கும் இந்த இரக்கம் இருந்துச்சுங்க, பொய் சொல்லல. பத்தாவது முடிச்ச வருசம் எங்கய்யா வயல்ல அரிவாளோட இறங்குனப்ப, என் பங்குக்கு நான் வச்ச ஒரு வரிசையை மட்டும் வெட்ட விடாம மறிச்சுட்டேன். எங்கய்யா ஒரு வார்த்தை சொல்லல. பங்குனியில மத்த வரிசையில எல்லாம் ஆளுங்க குனிஞ்சு பூ எடுக்குறாங்க, என் வரிசையில நான் மட்டும் நின்னு இலையைத் தடவிக்கிட்டு இருந்தேன்.

சரி, பட்டணத்துக்காரங்க அடுத்து என்ன சொல்வீங்கன்னு தெரியும். எங்களுக்கு நிலம் ஏது, தொட்டி மண்ணுல மதுரை மல்லி வருமான்னு கேப்பீங்க. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. அந்தப் பேர் பெத்த மல்லிக்கு நாத்து எங்கருந்து வருது? ராமேஸ்வரம் போற வழியில தங்கச்சிமடம். அங்க மணல்ல வேர் பிடிச்ச பதியன்தான் கட்டுக்கட்டா நம்ம பக்கம் வருது. கடற்கரையில பொறந்தது இங்க வந்து பூக்கலையா? உங்க மாடியில ஏன் பூக்காது? ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நல்லா மக்குன தொழு உரம். தேங்காநார்க் கழிவை மட்டும் ரொப்பி வைக்காதீங்க. பச்சைச் சாணியைப் போட்டு வேரைக் கருக்காதீங்க. தொட்டி அடியில ஓட்டை இருக்கான்னு பாருங்க. சித்திரை வெயில்ல மாடித் தளம் கொதிக்கும், அதனால ரெண்டு செங்கல் மேல தொட்டியைத் தூக்கி வைங்க. மத்தபடி வெயில் மல்லிக்குச் சோறு. அந்தப் பச்சை வலையை அன்னைக்கே நான் பிரிச்சுட்டேன்.

தண்ணி விஷயத்துல இன்னும் கொடுமை. மண்ணுல ஒரு விரல்கடை உள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்தணும். இவ வீட்டுல போர் தண்ணி உப்பு. அது போதாதுன்னு குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்லருந்து கழிஞ்சு வர்ற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு ரோஜாவுக்கு ஊத்தியிருக்கு. உப்பைப் பிரிச்சு வெளிய தள்ளுற தண்ணி அது. நீங்க குடிக்க மாட்டீங்க, செடி மட்டும் குடிக்கணுமா? மழைத் தண்ணியைப் பிடிச்சு வைங்க. மல்லியில தளிர் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாத் தெரிஞ்சா இரும்புச் சத்துக் குறை. உரக்கடையில அன்னபேதி கேளுங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு இலையில தெளிங்க. அந்த அஞ்சாறு பாட்டில் விலையில இதைக் கிலோக்கணக்கா வாங்கலாம்.

ரோஜா கதை தனி. ஆறுல நாலு போயிருச்சு. மிச்ச ரெண்டுல ஒண்ணு ஆள் உசரம் வீசி வளந்திருக்கேன்னு இவளுக்கு ஒரே பெருமை. குனிஞ்சு பாத்தேன். ஒட்டுக் கட்டுன இடத்துக்குக் கீழருந்து கிளம்புன காட்டு ரோஜாக் கிளை அது. மேல இருந்த நல்ல ரோஜா எப்பவோ கருகிப் போச்சு. ஒட்டுக்கு அடியில முளைக்கிறதை அன்னன்னைக்கே கிள்ளி எறியணும். வித்தவங்க இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செவ்வந்தி பூக்காததுக்குக் காரணம் ராத்திரி சாப்பிட உக்காந்தப்பதான் தெரிஞ்சுச்சு. மாடியில டியூப் லைட் விடிய விடிய எரியுது, செடி அதுக்கு நேர் கீழ. செவ்வந்திக்கு நீண்ட இருட்டு ராத்திரி வேணும், அப்பத்தான் மொட்டு வைக்கும். இதுக்கு எந்த பாட்டில் மருந்து?

முதல் தடவை செடி வைக்கிறவங்க 13 தொட்டி வாங்காதீங்க. ரெண்டு மல்லி, ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி போதும். கொஞ்சம் நிழல் விழுற மூலை இருந்தா அங்க கனகாம்பரம். மூணுமாசம் காலண்டர்ல என்னைக்குத் தண்ணி ஊத்துனோம்னு குறிச்சு வைங்க. மல்லி மொட்டு விரியாம ஊதா நிறத்துல சுருங்குனா மொட்டு ஈ. அதைப் பறிச்சு மண்ணுல போடாம பையில கட்டி வெளிய கடாசுங்க.

பனிக்காலத்துல பூ வரத்துக் குறைஞ்சு விலை ஏறும்போது, "விவசாயி கொள்ளையடிக்கிறான்"னு எழுதுறவங்க நெறையப் பேர் பட்டணத்துலதான் இருக்கீங்க. ஒரு தொட்டி மல்லியைப் பூக்க வச்சுட்டு வந்து பேசுங்க, காது குடுத்துக் கேக்குறேன்.

அன்னைக்கு அரிவாளை எடுத்து மூணு மல்லியை ஒரு அடிக்கு நறுக்கிட்டேன். நாலாவதுக்கு வந்தப்ப அண்ணன் மகள் குறுக்க நின்னுக்கிட்டுச்சு. "இது ஒண்ணை விட்டுருங்க சித்தப்பா, இதுதான் நான் முதல்ல வச்சது."

விட்டுட்டேன். மாமியாரம்மா வெட்டுன மூணு குச்சியையும் பாத்துட்டு, "இலையும் போச்சா"ன்னாங்க. பங்குனி பொறக்கட்டும்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.