தோட்டத்துக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதியா?

நெகிரி செம்பிலானில் ராசாவைச் சுற்றிப் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தாமான்கள் எழுந்துவிட்டன. நம் வாசகர்களில் பலர் அந்த வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பவர்கள். சிலர் நாற்றுக்கடை நடத்துபவர்கள். சிலர் இன்னும் எஸ்டேட்டில் களை, பூச்சி மேற்பார்வையில் இருப்பவர்கள். மூன்று தரப்பினரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இப்போது வலுத்து வருகிறது. பார்க்க அழகாக இருந்தும், வைத்த இடத்தில் நிற்காமல் பரவி மற்றச் செடிகளை அழிக்கும் இனங்களை வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

ஒரு தரப்பு, 'செடி என் வேலிக்குள் இருக்கிறது, அதில் யாருக்கு என்ன?' என்கிறது. இன்னொரு தரப்பு, அயல் செடி எதுவுமே வேண்டாம் என்கிறது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

அயல் என்பது குற்றமில்லை. ரப்பர் பிரேசிலிலிருந்தும் செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. 1960இல் தேசிய மலரான செம்பருத்தியும் இந்த மண்ணில் பிறந்ததல்ல என்பதே தாவரவியலாளர் கருத்து. லயத்து வாசலில் நம் முன்னோர் வைத்த முருங்கையும் கப்பலேறி வந்ததுதான். பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான ஐபிபிஇஎஸ் அமைப்பு 2023இல் தந்த அறிக்கை, அயல் தாவரங்களில் கேடு செய்பவை சுமார் 6 விழுக்காடுதான் என்கிறது. ஆகவே எல்லா அயல் செடியையும் பிடுங்கச் சொல்வது அநியாயம். ஆனால் அந்த 6 விழுக்காட்டுக்குள் நாம் தினமும் விற்கும் செடிகள் இருக்கின்றனவே, அதுதான் சிக்கல்.

வேலி காக்கும் என்று நம்புகிறவர்கள் நெகிரி செம்பிலானிலேயே இருக்கும் பாசோ வனக்காப்பகத்தைப் பார்க்க வேண்டும். ஜெலுபு மாவட்டத்தில் மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த காடு அது. அங்கே மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் 50 ஹெக்டர் ஆய்வு நிலத்தில் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் எண்ணப்பட்டுள்ளன. மரம் வெட்டப்படாத அந்த அடர்காட்டுக்குள் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த கிளிடேமியா ஹிர்டா புகுந்துவிட்டதை 2001இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. மலாய்க்காரர்கள் செண்டுடுக் புலு என்று அழைக்கும் அந்தச் செடியின் இலை முழுக்கச் சொரசொரப்பான முடி. கருநீலப் பழம் சுண்டுவிரல் நுனி அளவுகூட இராது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பொடி விதைகள். பழம் இனிப்பு, எனவே பறவை விடாது. நிழலிலும் தாக்குப்பிடிக்கும். களை என்றால் வெட்டவெளியில்தான் வரும், அடர்காட்டுக்குள் நுழையாது என்ற எண்ணம் பாசோவில் பொய்த்தது.

அதற்கு வழி செய்ததில் நம் பயிருக்கும் பங்கு உண்டு. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று காட்டுப்பன்றி பெருகியது. பன்றி காட்டுக்குள் போய் மண்ணைக் கிளறியது. குட்டி போடுவதற்காக இளமரங்களை ஒடித்துக் கூடு கட்டியது. 24 ஆண்டுகளில் இளமரங்களின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு கண்டது. கிளறிய மண்ணும் ஒடித்த இடத்தில் விழுந்த வெளிச்சமும் கிளிடேமியாவுக்கு வாய்ப்பாயின. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நாம் செய்வது, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் காட்டின் நடுவில் விளைவைக் காட்டுகிறது.

வீட்டு வாசலுக்கு வருவோம். வெடிலியா என்று நாம் விற்கும் தரைமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற மஞ்சள் பூ, உரம் கேட்காது, வெயில் மழை பார்க்காது, பாலிபேக் ஒன்று மலிவு. சாலையோரச் சரிவுக்கும் வாசல் மூலைக்கும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதே செடி, உலகின் மிகக் கேடான 100 அயல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அது விதையை நம்பிப் பரவுவதில்லை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். புல்வெட்டும் மெஷினை அதன்மேல் ஓட்டினால், சிதறும் துண்டில் ஒரு கணு இருந்தாலே போதும், புதுச்செடி. அந்தத் துண்டுகளை வாசல் கால்வாயில் கூட்டித் தள்ளிவிட்டால் அடுத்த மழை லிங்கி ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நம் மக்களில் சிலர் இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து மருந்துக்கும் வளர்க்கிறார்கள். அது வேறு இனம்; ஆசியாவுக்கே உரியது; இலை குறுகி நீண்டிருக்கும். வெடிலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும். பார்த்துச் சொல்ல வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு.

'நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்' என்ற வாதத்தில் பிழைப்பின் கவலை இருக்கிறது. அதை எளிதாகத் தள்ள முடியாது. பராமரிப்புக்குக் காசு தராத வாடிக்கையாளருக்குத் தானாக வளரும் செடியைக் கொடுப்பதே வசதி. ஆனால் கவனிப்பே இல்லாமல் வளரும் அந்தக் குணம்தான் காட்டிலும் ஆற்றங்கரையிலும் அதை அடக்க முடியாததாக ஆக்குகிறது. இந்தப் பாடத்துக்கு எஸ்டேட் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1949இல் பராகுவேயிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு ரப்பருக்கு மூடுபயிராகப் பயன்பட்ட மிக்கானியா கொடி, பின்னாளில் இளங்கன்றுகளைப் போர்த்தி மூடும் களையாயிற்று. அதற்கு மருந்தடித்தே தோள் தேய்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையில் ஆகாயத்தாமரையின் பூவழகு, 1909இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டிய நிலையில் கொண்டுபோய் விட்டது.

எஸ்டேட் இன்று எப்படி நடந்துகொள்கிறது? பைப்புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று செம்பனை வரப்போரம் தர்னேராவும் இளஞ்சிவப்புப் பூக்கொத்துகள் தொங்கும் அந்திகோனோன் கொடியும் வைக்கிறோம். மருந்துச் செலவைக் குறைக்கும் நல்ல வழிதான். ஆனால் அந்திகோனோன் பல தீவுகளில் காட்டை மூடிய கொடி; மண்ணுக்குள் கிழங்கு விட்டு மறுபடி மறுபடி முளைக்கும். இந்த முரணைத் தீர்க்க, செம்பனைத் தோட்டங்களுக்கான சான்றிதழ் நெறிகளை வகுக்கும் ஆர்எஸ்பிஓ வட்டமேசை அமைப்பு 2018ஆம் ஆண்டு நெறிகளில் தெளிவான விதி வைத்தது. உலக ஆக்கிரமிப்பு இனப் பட்டியல்களில் உள்ள செடியைத் தோட்டத்தில் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்தினால், பரவாமல் தடுக்கவும் கண்காணிக்கவும் திட்டம் வைத்துச் செயல்படுத்த வேண்டும்.

நம் நிலைப்பாடு இதுவே. சான்றிதழ் பெற்ற செம்பனைத் தோட்டம் ஏற்றுக்கொண்ட அதே விதியை வீட்டுத் தோட்டத் தொழிலும் ஏற்க வேண்டும். இறக்குமதிச் செடியை எல்லையில் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். உள்ளே வந்தபின் வெட்டுத்துண்டாக வாசலுக்கு வாசல் கைமாறும் செடியை நம்மைத் தவிர யார் கவனிக்கப் போகிறார்கள்?

செடியை விற்கும்முன் நான்கைப் பாருங்கள். பழத்தைப் பறவை தின்னுமா? உடைந்த துண்டு வேர் விடுமா? நிழலில் தாங்குமா? தண்ணீரில் மிதந்து போகுமா? ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் உள்ள செடிக்கு இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால், காட்டோரமும் ஆற்றோரமும் உள்ள வீட்டுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவருக்குப் பராமரிப்பு முறையை எழுதிக் கொடுங்கள். பூ வாடியதும் காய்க்கவிடாமல் கிள்ள வேண்டும். வெட்டிய கழிவைச் சிமென்டுத் தரையில் சருகாகும்வரை காயவைத்து, மூட்டை கட்டியே வெளியேற்ற வேண்டும். கால்வாயிலோ காலி நிலத்திலோ கொட்டக்கூடாது. தொட்டியில் மிதக்கும் ஆகாயத்தாமரைக்கு எந்தப் பராமரிப்பும் பாதுகாப்பாகாது; அதைக் கடையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மாற்றுக்குப் பஞ்சமில்லை. ஊதாப்பூப் பூக்கும் நாட்டுச் செண்டுடுக், இங்கேயே உரிய விருட்சி வகைகள், அசோக மரத்தின் உறவான காப்பிஸ், தரை மூட நெப்ரோலெப்பிஸ் பெரணி என்று எத்தனையோ உண்டு. செம்பனைக்கடியில் நாம் வெட்டாமல் விட்டுவைக்கும் பெரணி அதுதான். இவற்றைப் பெருக்கி, வெடிலியா விலைக்கே கொடுக்க முடிந்தால் வாடிக்கையாளர் மறுக்கமாட்டார். ஆனால் இந்த நாட்டுச் செடிகளை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி வைக்காதீர்கள். இங்கே ஈரநிலத்தில் இயல்பாக வளரும் சிம்போ ஆயர், பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்குப் போய் அங்கே ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. பிறந்த இடத்தில் அடங்கி வளரும் செடி, போன இடத்திலும் அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

2022 டிசம்பரில் மலேசியா உட்பட உலக நாடுகள் ஏற்ற குன்மிங்-மொன்றியல் உடன்பாடு, ஆக்கிரமிப்பு இனங்கள் புதிதாகப் புகுந்து நிலைகொள்வதை 2030க்குள் குறைந்தது பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. கெடு நெருங்குகிறது. அரசு ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே உங்கள் நாற்றுக்கடையில் ஒவ்வொரு செடியின் அட்டையிலும் அது பரவும் விதத்தை ஒரு வரி தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள். வெடிலியா கேட்டு வருபவரிடம் பெரணியை எடுத்துக் காட்டுங்கள். செடியை அறிந்தவர் நாம். வாங்குபவருக்கு அதைச் சொல்லும் கடமையும் நம்முடையதே.