பந்து வந்தாச்சு, பயிற்சியாளர் எப்போது?

‘திமிரு’, ‘பிகில்’ படங்களில் நடித்த ஐ.எம். விஜயனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1969இல் கேரளத்தின் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கால்பந்து நடக்கும் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். 17 வயதில் கேரள காவல்துறை அணியில் இடம் கிடைத்தது. 1990, 1991 இரண்டு ஆண்டும் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால் அணிகள். மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரர். 2003இல் அர்ஜுனா விருது, 2025இல் பத்மஸ்ரீ. ஆடி முடித்தபின் திருச்சூரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். கேரள காவல்துறையின் கால்பந்து அகாடமிக்கும் இயக்குநரானார்.

இதைத் தனி ஒருவரின் திறமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருக்கு மைதானம் இருந்தது. டி.கே. சாத்துண்ணி போல, தானே இந்தியாவுக்கு ஆடிப் பிறகு பயிற்சியாளரானவர்கள் இருந்தார்கள். உரிய வயதில் அரசு வேலையும் கிடைத்தது.

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று இந்த வானம் பார்த்த பூமியில் நம் காலனிப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? கண்மாய் வற்றினால்தான் மைதானம். சீமைக்கருவேல முள் குத்திப் பந்து ஒரு வாரம் தாங்காது. ஊர்ப் பொட்டலில் இறங்கினால், “உங்க பக்கம் போய் விளையாடுங்கடா” என்ற குரலை இந்த வட்டாரத்தில் நானே கேட்டிருக்கிறேன்.

ஊராட்சிகளுக்கு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கியது நல்ல காரியம். ஆனால், அந்தப் பெட்டியின் சாவி யாரிடம்? காலனிப் பையன் கேட்டால் பந்து கைக்கு வருமா? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மாவட்ட அணித் தேர்வுக்கே போக வழியில்லாத பிள்ளைக்கு அது எப்படி எட்டும்?

கல்லூரி, பல்கலைக்கழக அணிகளில் ஆடிவிட்டு இன்று கிடைத்த வேலைக்குப் போகும் இளைஞர்கள் நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுத்து அவர்களைப் பயிற்சியாளர்களாக்கலாம். காலனியை ஒட்டிய புறம்போக்கில் முள்ளை வெட்டி மைதானம் அமைக்கலாம்.

மாணவர்களே, ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். பெட்டி எங்கே, மைதானம் எங்கே, பயிற்சியாளர் எங்கே என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.