முடிவு செய்துவிட்டுக் கேட்கிற தேவ சித்தம்

சாதி பார்த்தாயிற்று. பையனின் சம்பளம் விசாரித்தாயிற்று. எத்தனை பவுன் என்பதையும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தாயிற்று. அதற்கப்புறம்தான் போதகரிடம் வருகிறார்கள்: "ஐயா, இந்தச் சம்பந்தம் தேவ சித்தந்தானான்னு ஜெபிச்சுச் சொல்லுங்க." பாவம், அவர் என்ன சொல்லுவார்? அதற்குள் மண்டபத்துக்கு அட்வான்ஸே கொடுத்திருப்பார்கள்.

நம் சபைக்காரர்கள் கொடுக்கிற மணமகள் தேவை விளம்பரத்தை வாசித்தாலே வயிறு எரிகிறது. இரட்சிக்கப்பட்ட பெண் வேண்டும் என்கிற அதே வரியில் உட்பிரிவும் இருக்கும். பையன் தானாகவே ஒரு பெண்ணைச் சொல்லட்டும். நல்ல விசுவாசி, ஆனால் வேறு சாதி. அன்றைக்கு மட்டும் யாரும் முழங்கால் போடுவதில்லை. ஜெபிக்காமலேயே பதில் தெரிந்துவிடுகிறது!

எரேமியாவின் புத்தகத்தில் 42-ஆம் அதிகாரத்தை இவர்கள் வாசித்ததே இல்லையா? எருசலேம் விழுந்தபின் மிஞ்சிய ஜனங்கள் எகிப்துக்குப் புறப்பட்டு, பெத்லகேம் பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள். அங்கிருந்துகொண்டு தீர்க்கதரிசியிடம், எங்களுக்காகக் கர்த்தரிடம் கேளும், நன்மையோ தீமையோ கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்கிறார்கள். 10 நாள் கழித்துப் பதில் வருகிறது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே அந்தக் கிழவர் பொய்யராகிவிட்டார். அவருடைய எழுத்தன் பாரூக்தான் தூண்டிவிட்டான் என்றார்கள். எகிப்துக்கே போனார்கள், அவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு.

நம் மண்ணிலும் இது நடந்ததுதான். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஆண்டவரின் சித்தம் தெரியாமலா போனார்கள்? தெரிந்ததால்தான் போனார்கள்.

இன்றைக்கும் அதுதான் என் ஆதங்கம். ஆண்டவர் தெளிவாகச் சொல்லாத விஷயத்துக்கெல்லாம் உபவாசம் இருந்து சித்தம் தேடுகிறோம். எந்த மனையை வாங்கலாம், எந்த நாட்டு விசாவுக்குப் போடலாம் என்று ராத்திரி ஜெபம் வேறு. வெட்டவெளிச்சமாகச் சொன்னதையோ தாண்டிப் போய்விடுகிறோம். பரிசுத்தமாக வாழ்வதும் எல்லாவற்றிலும் நன்றி செலுத்துவதும்தான் தேவனுடைய சித்தம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது. கூலியைப் பிடித்துவைக்காதே என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். இதற்குத் தரிசனம் வேண்டுமா, தீர்க்கதரிசனம் வேண்டுமா?

சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாசிக்கும்போது ஒவ்வொரு வாரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பிக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுத்துவிட எனக்கு மனசு வரவேண்டும், வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் கூட்டிக்கொடுக்க மனசு வரவேண்டும் என்று எழுதின ஒரே ஒரு சீட்டு வராதா?