மெத்தனால் நஞ்சுக்கு ஆளானோர் அச்சமின்றிச் சிகிச்சை பெற வகைசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்: வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர் சங்கத்தினர்

பெறுநர்: மேதகு இந்தியத் தூதர் அவர்கள், இந்தியத் தூதரகம், குவைத்

நகல்: ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை

மதிப்பிற்குரியீர்,

2025 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 160 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 23 பேர் இறந்ததாகக் குவைத் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். இந்தியர் சுமார் 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதைத் தங்கள் தூதரகமே தெரிவித்தது. மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி வேலையைக் காட்ட அரை நாள், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். காலையில் தொழிலாளர் கேம்ப்பில் எழுபவருக்குத் தலைவலியும் குமட்டலும் ராத்திரிப் போதையின் மிச்சமாகவே தோன்றும். பார்வையில் புகைமூட்டம் படரும்போதுதான் பயம் பிடிக்கும். அப்போதும் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காக்கக்கூடும். ஆனால், மருத்துவமனையில் சிவில் ஐடி அடையாள அட்டையை நீட்டினால் வழக்கு வரும், விசா போகும் என்ற அச்சம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது. நஞ்சு பாதி கொல்கிறது, தாமதம் மீதியைக் கொல்கிறது.

மதுவுக்குத் தடையுள்ள குவைத்தில் மதுக்கடை திறந்தால் சாவு நிற்கும் என்பார் உண்டு. தடையை இறுக்கினால் போதும் என்பாரும் உண்டு. அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் நிறைந்த தமிழ்நாட்டில்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆளுக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் பீர் குடிக்கும் செக் குடியரசிலும் 2012-இல் தொடங்கிய போலிச் சாராயச் சாவுகள் 40-ஐத் தாண்டின. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலிவுச் சரக்கின் வழியே மெத்தனால் நுழைந்துவிடுகிறது. எனவே மதுச் சட்டத்தை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை; சிகிச்சைக்கு வருவோரைத் தண்டிக்காதிருக்கவே கேட்கிறோம். சட்டத்தை மீறியவருக்குச் சலுகையா என்று கேட்கலாம். காய்ச்சி விற்றவர்களைத் தண்டிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பிழைத்தவர் வாய்திறந்தால்தான் விற்றவர் பிடிபடுவார். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 போதைப்பொருள் சட்டத்தின்படி, தானே முன்வந்து சிகிச்சை கேட்பவர்மீது வழக்குத் தொடரப்படுவதில்லை. போதைப்பொருளுக்கு உள்ள அந்தக் கருணை மெத்தனாலுக்கும் பொருந்தும்.

ஆகவே வேண்டுகிறோம்:

1. சிகிச்சைக்கு வருவோரைக் கைது செய்வதோ நாடு கடத்துவதோ கூடாதென்ற உறுதியைக் குவைத் அரசிடம் கோரிப் பெறவும். பிற வளைகுடாத் தூதரகங்களும் இவ்வாறே முயல ஆவன செய்யவும்.

2. முதல் சாவு தெரிந்த அன்றே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கேம்ப்கள்தோறும் எச்சரிக்கை விடவும்.

3. இறந்தோரின் உடலை ஊர் சேர்க்கவும் பார்வை இழந்தோரின் சிகிச்சைக்கும் இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவவும். குடித்தார் என்பதைக் காரணமாக்கி மறுக்காதிருக்கவும்.

4. பார்வை இழந்து ஊர் திரும்புவோரின் மறுவாழ்வைத் தமிழக அரசு ஏற்கவும்.

இப்படிக்கு,
சங்கத்தின் நிர்வாகிகளும் உறுப்பினர்களும்