பி.பார்ம்: பட்டதாரிக்கு 150 மணி, டிப்ளமோவுக்கு 500 மணி

திருவனந்தபுரம்: இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் பி.பார்ம் பயில்வோருக்குப் பட்டம் வழங்குவது திருச்சூரில் உள்ள கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம். ஆனால், பட்டத்துக்கான குறைந்தபட்சத் தகுதிகளை நிர்ணயிப்பது தில்லியில் உள்ள இந்திய பார்மசி கவுன்சில்.

கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி படிப்புக் காலம் 4 ஆண்டுகள், 8 பருவங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகைப் பதிவும் 50 சதவீத மதிப்பெண்ணும் கட்டாயம். ஆறாம் பருவத்துக்குப் பின், மருந்து ஆலையிலோ மருத்துவமனையிலோ 150 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும்.

இரண்டாண்டு டிப்ளமோ மாணவருக்கோ 500 மணி நேரப் பயிற்சி. அதில் பாதி, மருந்துச் சீட்டுப்படி மருந்து வழங்குவதற்கே உரியது. இருவருக்கும் மாநில கவுன்சிலில் கிடைப்பது ஒரே மருந்தாளுநர் பதிவுதான். ஆலைப் பயிற்சியைத் தேர்ந்த பட்டதாரி, நாளை மருந்துக்கடையில் நோயாளிக்குப் பொறுப்பேற்கிறார். இந்த இடைவெளியை நீக்க மாநிலங்கள் வலியுறுத்தலாம். விதியைத் திருத்தும் அதிகாரம் தில்லியிடமே உள்ளது.